குடை ஆன்ட்டி கையெழுத்துப் போடமாட்டாள்

தம்பி,

நீ அனுப்பிய பாரம், அந்தக் கம்பெனிப் படிவம், போன வியாழக்கிழமை தபாலில் வந்தது. என் பெயர், அடையாள அட்டை எண், அப்பா விட்டுப்போன பங்குகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் நீயே டைப் அடித்திருக்கிறாய். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி வேறு. ரவாங் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை விட்டு, மின்பலகையில் எந்தப் புள்ளி ஒட்டவில்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். உன் பெருக்கல் குறிக்கு முன்னால் அதற்கு மேலே இருந்த காலி இடம்தான் என் கண்ணில் பட்டது. ‘எனக்குப் பதிலாக வாக்களிக்க நான் நியமிப்பவர்’ என்று அச்சடித்து ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டின்மேல் நீ யார் பெயரையும் எழுதவில்லை.

பாரத்தோடு ஒரு வாட்ஸ்அப். “ம்மா, போதும்லா. அந்த வீடியோவ கவிதாவோட அப்பா பாத்துட்டாரு. வெள்ளிக்கிழம கூட்டத்துக்கு நீங்க போக வேணாம். சைன் மட்டும் போட்டு வைங்க, நான் சப்மிட் பண்ணிக்கிறேன். அன்னைக்கு எனக்கு நலங்கு, ஞாபகம் இருக்குல்ல?” ஞாபகம் இருக்கிறதா என்று பெற்றவளிடம் கேட்கிறாய். வெள்ளிக்கிழமை நலங்கு, சனிக்கிழமை முகூர்த்தம், மண்டபத்துக்கு முன்பணம் கட்டியவளே நான்தான். அதே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நம் பழைய தோட்டக் கம்பெனியின் பங்குதாரர்கள் கூடி, கம்பெனியை வேறொருவர் கையில் கொடுப்பதா வேண்டாமா என்று வாக்களிக்கப் போகிறார்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ போகாதே என்கிறாய். நான் போகத்தான் போகிறேன்.

ஏன் என்று நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு மட்டுமில்லை, நம் தோட்டத்து ஆட்கள் யாருக்கும் நான் வாய்திறந்து சொல்லாதது. அதனால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கும் அனுப்புகிறேன், புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். கல்யாணத்துக்குள் ஆறிவிடும்.

முதலில் அந்த வீடியோ. அது நாற்பது விநாடி. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. போன மாதம் ஆண்டுக்கூட்டத்தில் கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்த பிறகுதான் மைக் என்னிடம் வந்தது. மலாயில்தான் கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். “தலைவர் ஐயா, நம் பங்கு வியாபாரத்தை நிறுத்திவைத்தது ஒரு புதன்கிழமை. விலை ஏற ஆரம்பித்தது அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை. செய்தி வெளியே வராத அந்த மூன்று நாளில் வாங்கிக் குவித்தவர்களுக்குச் செய்தியைச் சொன்னது யார்?” அவ்வளவுதான் கேள்வி. தலைவர் சிரித்தார். “ஆன்ட்டி, இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். வெளியே அன்பளிப்பு கொடுக்கிறார்கள், மறக்காமல் வாங்கிக்கொண்டு போங்கள்” என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பைக்குள் இருந்த குடையை எடுத்து, “முன்பு நீங்கள் கொடுத்த அன்பளிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, பாருங்கள்” என்று மண்டபத்துக்குள்ளேயே விரித்துப் பிடித்தேன். இரண்டு கம்பி முறிந்து, நடுவில் ஓட்டையோடு, கம்பெனி பெயர் போட்ட பச்சைக் குடை. அங்கிருந்துதான் எவனோ போனைத் தூக்கியிருக்கிறான். அன்றைக்குச் சாயங்காலமே நான் குடை ஆன்ட்டி ஆகிவிட்டேன்.

அந்தக் குடை எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. அதைச் சொல்வதற்கு அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கலும்பாங் பக்கத்துத் தோட்டத்தைக் கம்பெனி துண்டு துண்டாக விற்றுக்கொண்டு வந்தபோது அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. நீ அப்போது தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தாய். செம்பனைக் குலை ஏற்றும் லோரியை இருபது வருடம் ஓட்டியவருக்குக் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு முன்பணம் கட்டியதுபோக மீதி இருந்ததை என்ன செய்தார் தெரியுமா? வேலையை விட்டு அனுப்பிய அதே கம்பெனியின் பங்கை வாங்கினார். “ஏங்க, தொரத்திவிட்டவன் கம்பெனியையா வாங்குவீங்க?” என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். “அதான்டி வாங்குறேன். இத்தன வருசம் தொரை பங்களா கேட்டுக்கு இந்தப் பக்கமே நிக்க வச்சானுங்க. பங்கு வச்சிருந்தா நாற்காலி போட்டே ஆவணும். சட்டம்லா” என்றார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்தப் பேச்சு பரவியது. இருபத்தேழு குடும்பம் வாங்கியது. லாப நட்டம் பார்த்து ஒருவரும் வாங்கவில்லை. நீ ஒருமுறை சொன்னாய், “ம்மா, இது இன்வெஸ்ட்மென்ட் இல்ல, வெறும் எமோஷன்” என்று. சரியாகத்தான் சொன்னாய். ரோஷத்தில் பங்கு வாங்குவது முட்டாள்தனம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் கூட்டத்துக்குக் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய், பழைய மேனேஜருக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தாரே உன் அப்பா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “தொரை எந்திரிச்சு வந்து கை குடுத்தான்டி. கை பஞ்சு மாதிரி இருக்கு” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ படிவம் ஐந்தில், பள்ளியின் கடைசி வகுப்பில், இருந்த வருடம் ஒரு சிறப்புக் கூட்டம் வந்தது. டெலிபோன் புத்தகம் கனத்துக்கு ஆங்கிலத்தில் காகிதம் அனுப்பியிருந்தார்கள். புது வேலையில் அப்பாவுக்கு ஷிப்ட், மற்றவர்களுக்கும் லீவு கிடைக்காது. நான்தான் முன்னால் நின்றேன், எனக்குத்தான் நாலு எழுத்து தெரியும் என்ற பெயர் இருந்ததே. வீடு வீடாகப் போய் இருபத்தேழு பாரத்திலும் கையெழுத்து வாங்கி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். தேன் ஒழுகப் பேசினாள் ஒரு பெண். “அது காலியாக இருக்கட்டும் அக்கா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் வந்தால் எல்லாருக்கும் உள்ள அன்பளிப்பையும் உங்களிடமே கொடுத்துவிடுகிறோம்.” எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கூட்டத்தன்று பள்ளிப் பஸ் டிரைவரைப் பிடித்து, இருபத்தேழு குடையும் இருபத்தேழு பிரியாணிப் பொட்டலமும் ஏற்றிக்கொண்டு வந்து, எலெக்ஷனில் நிற்பவள்போல வீடு வீடாகக் கொடுத்தேன்.

பெயர் எழுதாமல் விட்டால் அந்த ஓட்டு கூட்டத் தலைவருக்குப் போய்விடும். அவர் விரும்பியபடி போடுவார். பாரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அது அச்சடித்திருந்தது. தீர்மானம் என்ன தெரியுமா? லயத்தை ஒட்டிய கடைசி நிலத்தை விற்பது. நமக்கு வீட்டு மனை தருவதாகத் தோட்ட ஆபீஸ் கிராணி வாயாலும் மேனேஜர் வாயாலும் சொல்லிவந்தார்களே, அதே நிலம். அதை விற்கலாம் என்று நம் இருபத்தேழு குடும்பமும் ஓட்டுப் போட்டிருக்கிறது, என் கையால். மறுநாள் பத்திரிகையில் தலைவர் பேச்சு வந்திருந்தது, முன்னாள் தொழிலாளர்களும் ஆதரவு தெரிவித்தார்கள் என்று. அதைப் படித்த பிறகுதான் நான் பாரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நம்முடைய ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்கள் ஜெயித்திருப்பார்கள். அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. நம் ஆட்கள் தலைவன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார்கள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பாரத்துல பேரு எழுதுனியா?” எழுதினேன் என்று சொன்னேன். அவர் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார், திருப்பிக் கேட்கவே இல்லை. நான் சொன்னதை நம்பியே போய்விட்டார். தம்பி, என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுவது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். மண்டபத்தில் குடை விரித்ததற்கு இல்லை.

நிலமெல்லாம் போன பிறகு கம்பெனியில் மிஞ்சியது ஒரு பெயரும், பங்குச் சந்தைப் பட்டியலில் ஓர் இடமும்தான். விலை சென் காசுக் கணக்குக்கு வந்துவிட்டது. நம்மில் பாதிப்பேருக்கு மேல் கிடைத்ததுக்கு விற்றுவிட்டார்கள், மிச்சம் பதினோரு குடும்பம் மறந்தே போனோம். என் போனில் அந்த ஆப்பை ஏற்றித் தந்தவனே நீதான். “சும்மா பாருங்கம்மா, பொழுது போகும்” என்றாய். பொழுதும் போனது. தீபாவளிக்கு முந்திய மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு சென்னில் தூங்கிக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. திங்கள், செவ்வாய், பதினாலு சென். புதன்கிழமை காலையில் திறந்து பார்த்தால் எண் அசையவில்லை, வாங்கவும் முடியவில்லை, விற்கவும் முடியவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து உனக்கு அடித்தேன். “அது ஹால்ட் மா. பெரிய நியூஸ் வருது. எல்லாரும் படிக்கிற வரைக்கும் கதவ சாத்திருவாங்க” என்றாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கதவைச் சாத்துவதற்கு மூன்று நாள் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்தவன் யார் என்ற கேள்வி எனக்கு அன்றைக்கே வந்தது.

அந்தப் புதன்கிழமை சரோஜா அக்கா ஓடிவந்தார். நம் எதிர்வீட்டு அக்காதான், லயத்திலும் எதிர்வீடு, இங்கேயும் எதிர்வீடு. மறுநாள் கதவு திறந்ததும் விற்றுவிடட்டுமா என்று கேட்டார், வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றார். நான் என்ன சொன்னேன்? “பொறுங்கக்கா, இன்னும் ஏறும்.” யார் எனக்குச் சொன்னார்கள் அப்படி? எவரும் சொல்லவில்லை. இருபது வருடமாகக் காத்திருந்ததற்கு ஒரு நியாயம் கிடைக்கப்போகிறது என்று என் மனம் சொன்னது, அதை நான் சந்தை சொன்னதாக எடுத்துக்கொண்டேன். வியாழக்கிழமை இருபது சென் தொட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டு. முன்பே வாங்கியவர்கள் நம்மைப்போன்ற பொறுமைசாலிகளிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சரோஜா அக்கா என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரும் புதிருமாகத் துணி காயப்போடுவோம், முகம் பார்க்கமாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வந்த செய்தி இதுதான். குளிர்சாதனக் கிடங்குகள் வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனி நம் காலிக் கம்பெனிக்குள் வருகிறது. காகிதத்தில் நாம்தான் அவர்களை வாங்குகிறோம். நம்மிடம் ஏது பணம்? அதனால் புதுப் பங்குகளை மூட்டை மூட்டையாக அச்சடித்து அவர்களுக்குக் கொடுக்கிறோம். கொடுத்து முடித்ததும் கம்பெனி அவர்களுடையது, பெயரும் மாறிவிடும், நாம் மூலையில் ஒட்டிக்கொண்டிருப்போம். நேராக வாசலில் வரிசை நின்று சந்தைக்குள் வருவதற்குப் பதில், ஏற்கனவே உள்ளே இருப்பவன் வீட்டில் பெட்டி படுக்கையோடு ஏறிக்கொள்வது. இதற்கும் அனுமதி வாங்க வேண்டும், வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களாகவே இருக்கட்டும், நாளைக்கு நம் பங்கு ஒரு வெள்ளிக்கே, நூறு சென்னுக்கே, போகட்டும். நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பதில் சொல்லாதவனுக்கு நான் ஆமாம் போடமாட்டேன்.

“நீங்க போய் என்ன மாத்தப் போறீங்க?” என்று கேட்பாய். ஒன்றும் மாறாது. தோற்கத்தான் போகிறோம், அதுவும் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு. ஆனால் எண்ண வேண்டும். எதிர்ப்பு இவ்வளவு என்று அவர்கள் வாயாலேயே படிக்க வேண்டும். முன்னாள் தொழிலாளர்களும் ஆதரவு என்று இரண்டாவது தடவை அந்த மனிதர் சொல்வதை நான் உயிரோடு இருந்து கேட்கப்போவதில்லை. நீ அனுப்பிய பாரத்தில் கையெழுத்துப் போட்டு, பெயரெழுதாமல் உன்னிடம் கொடுத்தால் அதுதான் நடக்கும். உனக்கு அது தெரியாது, வேலை நெருக்கடியில் அவசரமாக டைப் அடித்திருப்பாய். எனக்குத் தெரியாமல் போனதுபோலவே உனக்கும் தெரியவில்லை. அதனால் உன்மேல் கோபமில்லை, ஆனால் பயம் இருக்கிறது. அலுவலகத்தில் நீட்டுகிறார்கள், பேங்கில் நீட்டுகிறார்கள், நாளைக்கு சொந்தபந்தத்தில் நீட்டுவார்கள். சும்மா ஒரு சைன்தானே என்பார்கள். பின்பக்கத்தைப் படி. படிக்க நேரமில்லை என்று சொன்னால் அவர்கள் காத்திருக்கட்டும். கவிதாவும் நீயும் எதிலாவது சேர்ந்து கையெழுத்துப் போடும் நாளில், அந்தப் பெண்ணுக்குப் படித்துச் சொல்லிவிட்டுப் போடு. அவளிடம் ஒருநாளும், நான் அப்பாவிடம் சொன்னமாதிரி, எழுதினேன் என்று பொய் சொல்லாதே.

உன் மாமனார் பார்த்துவிட்டார் என்கிறாய். பார்க்கட்டுமே. அவருக்கு ஏதாவது சங்கடம் இருந்தால் என்னிடம் நேராகக் கேட்கட்டும், சம்பந்தி வீட்டுப் போன் நம்பர் அவரிடம் இருக்கிறது. அவர் கேட்டாரா, இல்லை அவர் கேட்டுவிடுவாரோ என்று நீயே வெட்கப்படுகிறாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல். இந்தக் குடை ஆன்ட்டியின் ஓவர்டைம் சம்பளத்தில்தான் நீ புஞ்சாக் ஆலாமில் படித்தாய், அங்கேதான் கவிதாவைப் பார்த்தாய். இதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீதான் சொல்லவைத்துவிட்டாய்.

போன சனிக்கிழமை சாயங்காலம் சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். குழுவில் போடுவதற்கு முன்னால் அவரிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார். பிஸ்கட் டின், போன் பேசிய பெண், காலிக் கோடு எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. “அப்ப நான் இத்தன வருசமா தலைவனத் திட்டுனது வேஸ்ட்டு. ஒன்னையில்ல திட்டிருக்கணும்” என்றார். ஆமாம்க்கா என்றேன். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நேற்று வேலை முடிந்து காண்டீன் சட்டையோடே வந்து கேட்டைத் தட்டினார். கையில் அவருடைய பாரம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு கிடைக்காதாம். கையெழுத்துப் போட்டிருந்தார், எதிர்க்கிறேன் என்ற கட்டத்தில் அழுத்தமாகக் கோடு கிழித்திருந்தார், பெயர் எழுதும் இடம் மட்டும் காலி. “எழுது” என்றார். “யாரு பேருக்கா?” என்று கேட்டேன். “ஏன், ஒனக்குப் பேரு இல்லியா?” என்றார். முதல் எழுத்து கோணலாகிவிட்டது. நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். போகும்போது, “இந்தவாட்டி கொடையெல்லாம் வேணாம்டி. பிரியாணி குடுத்தா மட்டும் வாங்கிட்டு வா” என்றார். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன்.

அவருடைய பாரத்தை இன்றைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டு வாங்கிவந்துவிட்டேன். உன் பாரம் இங்கே மேசைமேல் இருக்கிறது, நீ போட்ட பெருக்கல் குறியை அழித்துவிட்டேன். எனக்குப் பதிலாக யாரும் வேண்டாம், நானே போகிறேன். குழுவில் இதைப் படிப்பவர்கள் என்னைத் திட்டுவதென்றால் திட்டுங்கள். திட்டிவிட்டு வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் பேசிவைத்திருக்கும் வேனில் ஏறுங்கள், இடம் இருக்கிறது.

தம்பி, கூட்டம் பத்து மணிக்கு, நலங்கு மூன்று மணிக்கு. ஒன்றரைக்குள் வந்துவிடுவேன், மஞ்சளும் சந்தனமும் எடுத்து வைத்தாயிற்று. உன் கன்னத்தில் முதல் மஞ்சள் நான்தான் பூசுவேன். தாலி இல்லாதவள் பூசலாமா என்று எவராவது முணுமுணுத்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும், நீ வாயைத் திறக்க வேண்டாம். நீ வாயைத் திறக்க வேண்டியது மறுநாள்தான். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும்போது யாராவது சிரித்துக்கொண்டே, நீ குடை ஆன்ட்டி மகனா என்று கேட்டால், தலையைக் குனியாமல், ஆமாம் என்று சொல்.

அம்மா